நந்தி என்று சொன்ன குஸ்திக்காரன்

பகல் இரண்டு மணிக்கு யாராவது குஸ்தி பார்க்கப் போவார்களா? நாங்கள் போனோம். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ரப்பர்த் தோட்டத்து கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு கம்பிவேலிக்கு வெளியே நடமாடுகிறவன் எவனாக இருந்தாலும் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுதான் என்று வைத்துக்கொண்டு சுடலாம். அதனால் சுங்கைப்பட்டாணித் திடலில் கூடாரம் போட்ட குஸ்திக் கம்பெனிக்காரன், தோட்டத்து ஜனங்களுக்கென்றே ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி ஒன்று வைத்தான். வெயிலில் அந்தக் கித்தான் கூடாரத்துக்குள் உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

துரை ஒரு லாரி கொடுத்தார். கேட்டில் எல்லாரையும் இறக்கித் தடவிப் பார்த்தார்கள். சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் அது காட்டுக்குத்தான் போகிறது என்பது சர்க்காரின் கணக்கு. ஆகவே காலையில் தின்றதோடு போய், காய்ந்த வயிற்றோடு, இரண்டு தடியர்கள் ஒருவரையொருவர் தூக்கிப் போடுவதைப் பார்த்தோம். எனக்கு அதிலெல்லாம் இஷ்டம் கிடையாது. தங்கை ஒரு வாரமாக நச்சரித்தாள் என்று போனேன். அம்மாவையும் கூப்பிட்டாள். அம்மா வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற வழக்கம் அம்மாவுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

நான் அப்போது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை தலையைக் காட்டுவார். மற்ற நாட்களில் காய்ச்சல், புண், பிரசவம், பாம்புக்கடி எல்லாம் என் தலையில். வயது இருபத்தாறு. இங்கிலீஷ் கொஞ்சம் வரும், கோபம் நிறைய வரும்.

அந்தத் தடியர்களில் ஒருவனான வெள்ளைக்காரக் குஸ்திக்காரன் எந்த நாட்டுக்காரன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பினாங்கில் ஒட்டிய நோட்டீசில் ரஷ்யக் கரடி என்று போட்டிருந்தார்களாம். எங்கள் கெடா மாநிலத்துக்குள் நுழைந்ததும் போலீஸ்காரர்கள் கூப்பிட்டு, இந்தச் சமயத்தில் ரஷ்யாவாவது மண்ணாவது என்று ஏசியதில், அதன்மேல் வேறொரு நாட்டின் பெயரை ஒட்டிவிட்டார்கள். என்னிடம் ஒரு நாட்டைச் சொன்னான், துரையிடம் இன்னொன்றைச் சொன்னான். ஐரோப்பாவில் எங்கோ பிறந்தவன், அவ்வளவுதான். தொப்பை, மொட்டைத் தலை, கசக்கிப் போட்ட மாதிரி காதுகள். எதிராளி ஒரு பஞ்சாபி. நடுவில் வெள்ளைக்காரன் நெற்றியிலிருந்து ரத்தம் கொட்டியதும் கூடாரமே எழுந்து நின்றது. எனக்கு முன்னால் இருந்த பெண்பிள்ளை, "ஐயோ, கொன்னுபுடுவான்போல இருக்கே, யாராச்சும் புடிங்கடா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கடைசியில் அவன் தோற்றான். ரத்த முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கியபோது அவன் முகத்தில் வருத்தம் இருக்கவில்லை, வேலை முடிந்த களைப்புத்தான் இருந்தது.

எங்கள் துரைக்குக் குஸ்தி என்றால் உயிர். அந்த ஆளைப் பங்களாவுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். அங்கே வந்த இடத்தில் நெற்றிக் காயம் சீழ் பிடித்திருப்பதைப் பார்த்து, ஜீப்பில் ஏற்றி என்னிடம் அனுப்பிவிட்டார். கம்பெனி அந்த வாரம் முழுக்க ஆட்டம் வைத்துவிட்டு, ரயிலில் சயாம் போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போவதாக இருந்தது. அதுவரை மூன்று தடவை அவனுக்குக் கட்டுப் போட்டேன்.

முதல் நாள் பழைய துணியை அவிழ்த்துப் பார்த்தேன். முஷ்டியால் குத்துப்பட்ட காயம் கன்றிப்போய்த் தாறுமாறாகப் பிளந்திருக்கும். இது நேர்கோடு. அதற்கு மேலும் கீழும் ஆறிப்போன கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக, பால் வெட்டிய ரப்பர் மரம்போல. கெட்டிக்கார வெட்டுக்காரன் மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் கீறுவான், பால் மட்டும் இறங்கும். பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைக்கு இது தெரியாதா? "பிளேடுதானே?" என்றேன். அவன் சிரித்தான். விரலில் சுற்றியிருக்கும் பிளாஸ்திரிக்குள் பிளேடு முனை ஒன்றை வைத்திருப்பானாம். ஆழமில்லாமல் குறுக்கே கீறினால் வலி கொஞ்சம், ரத்தம் நிறையவாம்.

"அப்படியானால் எல்லாம் பொய்யா?" என்று கேட்டேன்.

"விழுவது பொய் இல்லை. விழுந்தால் உண்மையாகவே வலிக்கும். யார் விழ வேண்டும் என்பது மட்டும் முன்னாலேயே முடிவாகியிருக்கும்" என்றான். இதை வெளியே சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டான். நான் சொல்லவில்லை. விஷயத்தை வயிற்றுக்குள் பூட்டி வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதைத்தான் இங்கே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பானைப் பற்றி அவனாகவே பேசினான். ஏற்கெனவே ஒரு தடவை போய் வந்திருக்கிறான். அங்கே அவனை அமெரிக்கன் என்று சொல்லிவிடுவார்களாம். அவனைவிடக் குட்டையான ஜப்பான்காரன் ஒருவன் அவனைத் தூக்கி எறிவானாம். தெருமுனையில் ஒரு பெட்டியை வைத்து அதில் ஆட்டத்தைப் படமாகக் காட்டுவார்களாம். யுத்தத்தில் தோற்றுப்போன ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நின்று, ஒரு வெள்ளைக்காரன் விழுவதைப் பார்த்து வாய்விட்டு அழுவார்களாம். "ஊர் ஊராகப் போய்த் தோற்பேன். தோற்பதில் எனக்கு அங்கே நல்ல பெயர்" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பனைக் கொண்டுபோனவர்களைக் குஷிப்படுத்த இவன் கப்பலேறிப் போய் விழுந்து காட்டுகிறானா? கையில் அயோடின் புட்டி இருந்தது. தேவைக்கு மேலேயே ஊற்றினேன். "ஆ!" என்று கத்தினான். அந்தக் கத்தல் நிஜம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணுவதற்காக வரிசையாக நின்றபோது, பத்துப் பதினைந்து பேரைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போட வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். அப்பா மாற்று வேட்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பதினான்கு வயது, தங்கைக்கு எட்டு.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் கழித்து, அதே லாரியில் போன பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் திரும்பி வந்தார். முழங்காலுக்குக் கீழே சதையே இல்லை, எல்லாம் புண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உங்கப்பா வாந்திபேதில போய்ட்டாருப்பா. குழில எறக்கறப்போ நாந்தான் தலமாட்டப் புடிச்சேன்" என்றார். அம்மா அப்போது மலேரியாவில் வீங்கிப்போய், இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தாள். "அம்மா எந்திரிக்கட்டும், அப்பறமா பக்குவமாச் சொல்லிக்க" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் அடுத்த கப்பலில் இந்தியாவுக்குப் போய்விட்டார்.

அம்மா எழுந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்றேன். தீபாவளி கழியட்டும் என்றேன். பிறகு அவள் சிரித்துப் பேச ஆரம்பித்தாள், அதை எதற்குக் கெடுப்பது என்றேன். அதற்குப் பிறகு காரணம் தேடுவதைக்கூட விட்டுவிட்டேன். பத்து வருஷம் ஓடிவிட்டது.

அந்தப் பத்து வருஷமும் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக்கு மஞ்சள் பூசினாள். கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழ் வரிசையாக வரும். அம்மாவிடம் வந்ததும் நீட்டுகிறவள் கை தயங்கும். கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவாகவே விரலை விட்டு எடுத்து, நெற்றியில் பெரிதாக வைத்துக்கொள்வாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அவசரகாலம் வந்ததும் அவள் பாடு இன்னும் மோசமாகிவிட்டது. மேட்டிலிருந்த எங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளை இடித்து, எல்லாரையும் ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் கம்பிவேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். "அவரு வந்தா பழைய லயத்தத்தானடா தேடுவாரு? அடையாளக் கார்டு இல்லாம இருட்டுற நேரத்துல கம்பிகிட்ட வந்து நின்னா சுட்டுப்புடுவானுங்களே!" என்று புலம்பினாள். கேட்டில் காவலிருந்த மலாய்க்கார ஸ்பெஷல் போலீஸ்காரனிடம் போய், உயரமான ஆள், இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும், அப்படி ஒருவர் வந்தால் சுடாதே, என்னைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆள் மாறும்போதெல்லாம் புது ஆளிடம் போய்ச் சொன்னாள். "தோட்டமே சிரிக்கிது, ஏம்மா மானத்த வாங்குற?" என்று கத்தினேன். நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

தங்கைக்கு லூனாஸ் ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் லாரிப் பட்டறையில் வேலை, நல்ல குணம். தங்கைக்கும் பிடித்திருந்தது. வெற்றிலைத் தட்டு வைத்த பிறகு பையனின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. மணவறையில பொண்ணோட அம்மா எப்படி நிப்பாங்க? சொமங்கலியாவா, இல்ல பின்னாடி ஒதுங்கியா? ரெண்டுல ஒண்ணு எங்களுக்குத் தெரியணும். அவருக்குக் காரியம் பண்ணி முடிச்சிட்டீங்கன்னா தை பொறந்ததும் கல்யாணத்த வெச்சிரலாம்."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதனாலேயே எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது.

அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "உசுரோட இருக்குற மனுசனுக்கு எப்பிட்றா காரியம் பண்ணுவ? சயாம்ல மிஞ்சினவங்கள சப்பான்காரன் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயி சொரங்கத்துல வெச்சிருக்கானாம். அங்க போய்ட்டு வந்தவன் ஒருத்தன் இல்லைன்னு எங்கிட்ட சொல்லட்டும். அன்னிக்கே தாலிய அறுத்துப் போட்டர்றேன்."

எந்தப் புண்ணியவான் கட்டிவிட்ட கதையோ அது. ஆனால் அவள் சொல்லி முடித்த கணத்தில் எனக்குக் குஸ்திக்காரன் ஞாபகம் வந்தது. அட, ஜப்பான் போய் வந்தவன் நம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறானே! அவன் வாயால் இல்லை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அம்மா நம்புவாள், காரியம் நடக்கும், கல்யாணம் நடக்கும், நான் பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாமலேயே போய்விடும். என் மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள்.

இரண்டாவது தடவை கட்டுப் போடும்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"உனக்குத்தான் தெரியுமே. நீயே சொல்லலாமே?"

"நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்" என்றேன். சொல்லிப் பார்த்தவன் மாதிரி.

"சரி. விழச் சொன்னால் விழுகிறவன் நான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன?" என்றான். அவன் சொதப்பினாலும் எனக்குக் கவலை இல்லை. இங்கிலீஷில் அவன் என்ன சொன்னாலும் அதைத் தமிழில் சொல்லப் போகிறவன் நான்தானே.

மூன்றாம் நாள், பால் வெட்டுகிற காட்டிலிருந்து வந்து குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு வழக்கத்தைவிடப் பெரிது. மடியில் நாலு கோழிமுட்டை, அந்த வெள்ளைக்காரனுக்கு. அவன் எழுந்து நின்றான். என் அம்மாவைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரன் எழுந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் முழங்கைக்குத்தான் அவள் இருந்தாள்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அவனிடம் மலாயில் கேட்டாள்: "துவான், ஜப்பான்ல ஓராங் தமிழ் அடா கா?"

ஐயா, ஜப்பானில் தமிழ் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறாள். அவனுக்கு அது புரிந்தது! சிங்கப்பூரிலும் பினாங்கிலும் மாதக்கணக்கில் கிடந்தவன், கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் தெரியாமல் இருக்குமா? எனக்கு இது உறைக்கவே இல்லை. என் கையிலிருந்த மொழிபெயர்ப்பு வேலை அந்த நிமிஷத்திலேயே போய்விட்டது. அம்மா இடது கையைத் தூக்கி, சுண்டுவிரலைப் பாதி மடக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். "லாக்கி சாயா," என் புருஷன், என்றாள். பால் கத்தி பட்டு அறுந்த விரல் அது என்பதைச் சைகையால் காட்டினாள். கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். சொல் என்று கண்ணைக் காட்டினேன். வாயைத் திறந்தான். அவள் மடக்கிய விரலைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான். திறந்த வாயை மூடிவிட்டான். பிறகு தன் பெரிய கையை அவள் தோளில் வைத்து, "நந்தி" என்றான். "நந்தி, மா, நந்தி."

நாலு முட்டையையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே போனான். ஜீப் புறப்பட்டுவிட்டது. மறுநாள் கம்பெனி சயாம் ரயிலில் ஏறிப் போய்விட்டது.

நந்தி என்கிற மலாய்ச் சொல் எங்கள் தோட்டத்தில் தமிழாகவே ஆகிப்போயிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று ஆபீசில் போய்ச் சொன்னால் நந்தி என்பார்கள். லீவு கேட்டால் நந்தி. அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். நடக்கவே நடக்காது என்பது அனுபவம். "தொர நந்தின்னுட்டாரு" என்று ஒருவன் சொன்னால், காரியம் ஊற்றிக்கொண்டது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்குக் காத்திரு என்றும் ஒரு அர்த்தம் உண்டு. நம் ஜனங்களுக்கோ நந்தி என்றால் சிவன் சந்நிதியில் கண்ணை எடுக்காமல் படுத்திருக்கிறவர்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா கிட்டத்தட்ட ஓடினாள். "கேட்டியாடா? நந்தின்னாரு! காத்திருன்னுட்டாரு! ஆளு இல்லாட்டி இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டாரா?"

"அம்மா, அது ஆபீசு நந்திம்மா. சும்மா தட்டிக் கழிக்கச் சொல்றது."

"போடா. ஆபீசுக்காரன் காயிதத்தப் பாத்துக்கிட்டு சொல்லுவான். இவரு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு."

இந்த மடையனை நம்பினேனே என்று பல்லைக் கடித்தேன். ஊரூராகப் போய்ப் பொய்யாகத் தோற்கிறவனுக்கு எங்கள் வீட்டுக்காக ஒரே ஒரு தடவை தோற்க முடியவில்லையா?

இரண்டு நாளில் செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. ஜப்பானில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், துவான் காத்திருக்கச் சொன்னார் என்று. சயாமுக்குப் புருஷனைக் கொடுத்தவள் அம்மா ஒருத்தி மட்டும் இல்லையே. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எங்க ஆளைப் பத்தியும் கேட்டீங்களா என்றார்கள். அதில் ஒருத்தி, காரியம் பண்ணி எட்டு வருஷமாக வெள்ளைச் சேலையில் இருக்கிறவள், எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நான் அவசரப்பட்டுட்டனாக்கா? உசுரோட இருக்குறவருக்கு வாய்க்கரிசி போட்டுட்டனா?" என்று அழுதாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேற்றினாள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஒருவனுடைய பயம் எத்தனை வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது!

லூனாஸிலிருந்து தரகர் வந்தார். அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம். வருத்தத்தோடுதான் சொல்லியனுப்பினார்களாம்.

தங்கை அழவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து, மருந்து அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டு கேட்டாள். "அண்ணே, அப்பா இருக்காரா, இல்லையா?"

"என்னக் கேட்டா?"

"உனக்குத் தெரியும். அம்மா மஞ்சள் பூசறப்பல்லாம் நீ தரையப் பாப்ப. சின்னப் புள்ளலருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

சொன்னேன். அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கல்யாணம் வேணும், வேணாம், அது கெடக்கட்டும். அம்மாகிட்ட போய்ச் சொல்லு. இன்னிக்கே சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா இன்னும் அசிங்கமாப் போயிடும்ண்ணே" என்றாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, கையில் ஒட்டிக் காய்ந்திருந்த ரப்பர்ப் பாலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்க என்னிடம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

அவள் கூச்சல் போடவில்லை. உரித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

"யாரு சொன்னா?"

சொன்னேன்.

"ஒழுங்கா நீட்டிப் படுக்க வெச்சாங்களாமா?"

"ஆமாம்மா" என்றேன். எனக்கு அது தெரியாது. ஆனால் சொன்னேன்.

"அவரு எப்ப வந்து சொன்னாரு?"

நான் தரையைப் பார்த்தேன். அவளே ஒவ்வொன்றாகக் கேட்டாள். "நீ டிரசராகறதுக்கு முன்னயா?" ஆமாம் என்றேன். "பழைய லயத்துல இருக்கறப்பவா?" ஆமாம். "நான் காச்சல்ல கெடந்தேனே, அப்பவா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் கேட்டுல போயி நின்னு வெரல மடக்கி மடக்கிக் காட்டுனேனே. அப்பவும் உனக்குத் தெரியும்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கும் கேட்கும் என்று காத்திருந்தேன். பானையைக் கழுவுகிற சத்தம்தான் கேட்டது.

அடுத்த வாரமே காரியம் நடந்தது. தங்கை லூனாஸுக்கு ஆள் அனுப்பினாள், அவர்கள் மனம் மாறி வந்தார்கள், தையில் கல்யாணம் நடந்தது. அம்மா வெள்ளைச் சேலையில் பின்வரிசையில் நின்று அட்சதை போட்டாள். குங்குமச் சிமிழ் அவளைத் தாண்டிப் போனது. அதை நீட்டி வந்த பெண்ணுக்கு இந்தத் தடவை தயக்கம் இல்லை.

கல்யாணம் கழிந்து இரண்டு மாதம் இருக்கும். ஆஸ்பத்திரி விலாசத்துக்கு ஜப்பான் தபால்தலையோடு ஒரு அட்டை வந்தது. கோணல் இங்கிலீஷ். அவன்தான். துறைமுகத்தில் கேட்டேன், போலீசில் கேட்டேன், சுரங்கத்தில் வேலை பார்த்த இரண்டு பேரிடமும் கேட்டேன், தமிழர்கள் யாரும் இங்கே இல்லை என்கிறார்கள், அம்மாவிடம் பக்குவமாகச் சொல், முட்டை நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தான்.

நான் அந்த அட்டையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னை மாதிரி தட்டிக் கழிக்கவும் இல்லை, அம்மா நினைத்த மாதிரி காத்திருக்கச் சொல்லவும் இல்லை. அப்புறம் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். சொன்ன மாதிரியே கேட்டும் இருக்கிறான். இந்தத் தடவை ஒளித்து வைக்கவில்லை, அன்றைக்கே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாவம், வேத்து மனுசன். எங்கெங்கயோ போயி கேட்டிருக்காரே" என்றாள். எனக்குக் கன்னத்தில் அறை வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. மழை வருகிறது, துணியை எடு என்பாள். சோறு ஆறிவிடும், சாப்பிடு என்பாள். எனக்குக் கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்தன, பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் என் கையால் ஒரு மாத்திரைகூட வாங்கவில்லை. காலில் புண் வந்தபோது, எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி மூன்று மைல் நடந்து, அடுத்த தோட்டத்து டிரசரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். ஜனங்கள் என்னிடம் வந்து, "என்ன டிரசரே, அம்மாவுக்கு நீங்க பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் காலைப் பிடித்தேன், கட்டவாவது விடும்மா என்று அழுதேன். அவள் காலை மெதுவாக இழுத்துக்கொண்டு, "வேணாம்ப்பா, நீ ஆறிப்போச்சின்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அவசரகாலம் முடிந்து கம்பிவேலியை எடுத்த பிறகும் அந்தப் புண் ஆறவில்லை. சர்க்கரை வியாதி அது, அடுத்த தோட்டத்து டிரசர் கண்டுபிடிக்கவில்லை. நான் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் பார்த்திருப்பேன். கடைசியில் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மத்தியானம் வேலையை முடித்துவிட்டு சைக்கிளில் போனேன். பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்துவிட்டது. தமிழ் பேசுகிற இளவயது நர்ஸ் ஒருத்தி வந்து, நெருங்கிய சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் வெளியே போக வேண்டும் என்றாள். என்னைக் காட்டி, "அம்மா, இவுங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள்.

அம்மா என்னை நன்றாகப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"எங்க தோட்டத்து டிரசரு ஐயா" என்றாள்.

நர்ஸ் மரியாதையாகத் தலையசைத்து, வெளியே போக வழிவிட்டாள். நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன். திரும்பி உள்ளே போய், நான் இவங்க மகன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை.